டார்வின் வீட்டுக் கொல்லை

மூன்றடி நீளம், இரண்டடி அகலம். நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில் அடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 1857-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தம் வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு நிலத்தை ஒதுக்கி, கொத்திக் கிளறி, புல் பூண்டு ஏதுமின்றிச் சுத்தம் செய்து வைத்தார் ஒருவர். அதில் அவர் எதையும் விதைக்கவில்லை. தாமாக முளைத்து வரும் களைகளைத்தான் எதிர்பார்த்தார். முளை தலைகாட்டும் போதெல்லாம் அதற்கு ஓர் அடையாளம் வைத்தார். மொத்தம் 357 முளைகள் வந்தன. அவற்றுள் 295 மடிந்து போயின. பெரிய செடிகளின் நெருக்கடி எதுவும் அங்கே கிடையாது. ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளுமே பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தன. எஞ்சியவை 62.

களை எண்ணிய அந்த மனிதர் சார்லஸ் டார்வின். 1859 நவம்பரில் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில், வாழ்க்கைப் போராட்டம் பற்றிய அத்தியாயத்தில் இந்தக் கணக்கு இடம் பெற்றது. இயற்கை எவ்வளவு தாராளமாகப் பிறப்பிக்கிறது, எவ்வளவு கடுமையாகக் கழிக்கிறது என்பதை உலகுக்குக் காட்ட அவர் ஆப்பிரிக்கக் காட்டையோ அமேசான் படுகையையோ தேடிப் போகவில்லை. கொல்லைப்புறத்து ஆறு சதுர அடியே போதுமானதாக இருந்தது.

டார்வின் என்றதும் நம் பாடநூல்கள் 'பீகிள்' கப்பலையும் கலாபகஸ் தீவுகளையும் நம் முன் நிறுத்துகின்றன. அது தவறன்று. ஆனால் கப்பலில் அவர் கழித்தவை 1831 முதல் 1836 வரை ஐந்து ஆண்டுகள். அந்தக் கென்ட் வீட்டில் கழித்தவையோ நாற்பது ஆண்டுகள். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் பெரும்பாலானவை அந்த வீட்டில்தான் எழுதப்பட்டன. அவற்றுள் பலவற்றுக்குச் சான்று அந்த வீட்டுப் பூக்களும் காய்களும் பறவைகளும் புழுக்களுமே. அந்த நாற்பதாண்டுக் கதையைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

வீடும் நிலமும்

1842 செப்டம்பரில் டார்வின் தம்பதியர் லண்டனின் புகையையும் இரைச்சலையும் விட்டு, அந்நகரிலிருந்து பதினாறு மைல் தொலைவிலுள்ள டவுன் என்ற சிற்றூருக்குக் குடி பெயர்ந்தனர். வீட்டின் பெயரும் டவுன் இல்லம். ஏறத்தாழ 18 ஏக்கர் நிலத்தோடு சேர்ந்த அந்த வீடு பார்வைக்கு அழகானதன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண். தோட்டக்காரன் விரும்பும் நிலம் அன்று அது.

ஆனால் ஆண்டுக்காண்டு அந்த நிலம் மாறியது. மனைவி எம்மா பூம்பாத்திகளைக் கவனித்துக்கொண்டார். சமையலறைத் தோட்டத்தில் பட்டாணி, பீன்ஸ், முட்டைக்கோஸ், பழச்செடிகள் வளர்ந்தன. 1846-இல் பக்கத்து நிலக்கிழாரான லப்பக் குடும்பத்தாரிடமிருந்து ஒன்றரை ஏக்கர் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் மரங்களை நட்டு, ஓரமாக ஒரு மணல் நடைபாதை அமைத்தார் டார்வின். நாள்தோறும் அதில் சுற்றி வருவார். சிந்தனையில் சுற்றுக் கணக்கு தவறிவிடாதிருக்கச் சில கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளி விடுவாராம். ஊசல் அலைவுகளை எண்ணும்போது பத்துக்கு ஒரு கோடு போடுகிற நம் மாணவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று.

அந்த வீட்டுத் தோட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எசமானரின் உடல்நலம் எப்படி என்று யாரோ விசாரித்தார்களாம். 'பாவம், ஒரே பூவின் முன்னால் பத்து நிமிடம் சும்மா நின்றுகொண்டிருக்கிறார். செய்வதற்கு ஏதாவது வேலை இருந்தால் உடம்புக்கு நல்லது' என்கிற பொருளில் அவர் பதில் சொன்னாராம்.

சும்மா நின்றவர் எதைப் பார்த்தார்? ஒரு சிறு எடுத்துக்காட்டு. வழக்கமாகக் கத்தரித்து வந்த புல்தரையில் மூன்றடிக்கு நான்கடி இடத்தை வெட்டாமல் விட்டார். அதில் இருபது வகைத் தாவரங்கள் இருந்தன. வெட்டுதல் நின்றதும் வலுத்தவை ஓங்கி வளர்ந்தன. ஒன்பது வகைகள் அடியோடு அழிந்தன. வெட்டுக்கத்திதான் அதுவரை எளியவற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது! இன்னொன்று: 1854-55-இன் கடுங்குளிர் முடிந்தபின், வசந்தத்தில் கூடுகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, தம் நிலத்துப் பறவைகளில் ஐந்தில் நான்கு பங்கு செத்துவிட்டன என்று மதிப்பிட்டார். சிறு பறவைகளின் எச்சத்தைக்கூட அவர் விடவில்லை. இரண்டு மாதங்களில் தோட்டத்து எச்சங்களிலிருந்து 12 வகை விதைகளைப் பொறுக்கி எடுத்தார். நட்டுப் பார்த்தவற்றுள் சில முளைத்தன. செடிகள் ஊர்விட்டு ஊர் போவது எப்படி என்னும் கேள்விக்கு இது ஒரு விடை.

தேனீக்குக் காவல் நின்ற பிள்ளைகள்

1854 செப்டம்பரில் டார்வினின் பிள்ளைகளுள் ஒருவர், ஆஷ் மரம் ஒன்றின் அடியிலுள்ள பொந்தருகே தேனீக்கள் வந்து போவதைக் கண்டார். இவை கூட்டுத் தேனீக்கள் அல்ல. உடலெல்லாம் அடர்ந்த மயிரும், நம் ஊர்க் கருவண்டின் பருமனும் கொண்ட பம்பிள் தேனீக்கள். கூடு இருக்கும் என்று எண்ணி டார்வின் போய்ப் பார்த்தார். கூடு இல்லை. ஆண் தேனீ ஒன்று வரும், அந்த இடத்தில் சில விநாடி ரீங்கரித்து மிதக்கும், பறந்துவிடும். சிறிது நேரத்தில் அடுத்தது வந்து அதே இடத்தில் அதையே செய்யும்.

அது எங்கே போகிறது? வேலியும் புதரும் நிறைந்த தோட்டத்தில் ஐம்பது வயதை நெருங்கிய, உடல்நலம் குன்றிய ஒருவர் தேனீயைத் துரத்த முடியுமா? ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தினார். தேனீ வந்ததும் 'இதோ தேனீ!' என்று கூவ வேண்டும். இப்படிக் கூவல் கூவலாகப் பின்தொடர்ந்ததில், தேனீக்கள் ஒரு குறித்த பாதையில், குறித்த நிறுத்தங்களில் நின்று நின்று போவது தெரிந்தது. வியப்பு அதோடு முடியவில்லை. ஆண் தேனீக்கள் குளிர்காலத்தைத் தாண்டி வாழ்வதில்லை. ஆனாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிதாகப் பிறந்த தேனீக்கள் அதே இடங்களில் நின்றன. யார் அவற்றுக்கு வழி சொன்னார்கள்? டார்வினுக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. ஆண் தேனீக்கள் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் மணப்பொருளைப் பாதை நெடுகிலும் பூசி வைக்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. ராணித் தேனீயை ஈர்ப்பதற்கான ஏற்பாடு அது.

தேனீக்களைப் பின்தொடர்ந்தவர் அவற்றின் வேலையை அளக்கவும் செய்தார். குளோவர் என்ற தீவனப் பயிரின் நூறு பூங்கொத்துகளில் 2,700 விதைகள் கிடைத்தன. தேனீ அண்டாமல் மூடி வைத்த நூறு கொத்துகளில் ஒரு விதைகூட இல்லை. பீன்ஸ் கொடியிலும் இதே சோதனை நடந்தது. வலைத்துணியால் மூடிய கொடி சரியாகக் காய்க்கவில்லை. தேனீ உட்காரும்போது இதழ் அசைவது போல அவரே கையால் அசைத்துவிட்ட பூக்கள் காய்த்தன. 1857-இல் தோட்டக்காரர்களுக்கான இதழ் ஒன்றில் இதைக் கடிதமாக எழுதினார். ஒரு தேனீ என்ன செய்கிறது என்று அறிய, தானே தேனீயாகிப் பார்த்த அந்த எளிமையை என்னென்பது!

நெல்லியல்லாத நெல்லி

சமையலறைத் தோட்டத்தில் 54 வகைக் கூஸ்பெரிச் செடிகளை டார்வின் வளர்த்தார். நம் ஊரில் பெருநெல்லியை ஆங்கிலத்தில் 'இந்தியக் கூஸ்பெரி' என்பதால், பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். உறவே கிடையாது. அது முட்செடி, இது மரம். அதன் பழம் திராட்சையைப் போன்ற மெல்லிய தோலும் நடுவே சிறு விதைகளும் கொண்டது.

இங்கிலாந்தின் வடபகுதியில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் வீட்டு முற்றத்தில் கூஸ்பெரி வளர்த்து, யார் பழம் கனமானது என்று போட்டி நடத்துவார்கள். காட்டுச் செடியின் பழம் 120 கிரெயின், அதாவது 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1852-இல் 'லண்டன்' என்ற வகையில் ஒரு பழம் 895 கிரெயின் எடை காட்டியது, 58 கிராம். ஏழு மடங்குக்கு மேல். ஆறரை அங்குலச் சுற்றளவுள்ள ஆப்பிள் ஒன்றை நிறுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே எடை என்று குறித்து வைத்தார் டார்வின்.

வியப்புக்குரியது எடை மட்டுமன்று. வகைக்கு வகை பழத்தின் பருமனும் நிறமும் உருவமும் மயிரும் மாறின. பூக்களிலோ வேறுபாடு மிகச் சிறிதே. ஏன்? மனிதன் தேர்ந்தெடுத்தது பழத்தை. பூவை அவன் கவனிக்கவில்லை. ஆகவே பூ மாறவில்லை. பூவுக்காக வளர்க்கும் செடிகளில் இது தலைகீழாக நடந்திருக்கும். படித்தவர்கள் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்த சான்றை, எழுத்தறிவு அதிகமில்லாத போட்டித் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கித் தட்டில் வைத்திருந்தார்கள். டார்வின் அதைப் புறக்கணிக்காதது அவருடைய பெருமை.

இரு வகைப் பூ

வசந்த காலத்தில் அந்தப் பகுதியில் பூக்கும் மஞ்சள் நிறச் சிறு பூ பிரிம்ரோஸ். அதில் இரு வகை உண்டு என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பூ வளர்ப்போருக்கும் தெரியும். ஒன்றில் குழலின் வாயில் குண்டூசித் தலைபோலச் சூல்முடி தெரியும். மகரந்தத் தாள்கள் குழலின் நடுவே மறைந்திருக்கும். மற்றொன்றில் மகரந்தத் தாள்கள் வாயில் இருக்கும். சூல்முடி பாதியிலேயே நின்றுவிடும். ஒரு செடியில் ஒரு வகைதான். எல்லோரும் பார்த்தது, யாரும் ஏன் என்று கேட்காதது.

டார்வின் கேட்டார். பிள்ளைகள் பறித்து வந்த பூக்களை வகைப்படுத்தி எண்ணினார். ஆணும் பெண்ணுமாகப் பிரியத் தொடங்கிய செடியோ என்று முதலில் ஐயுற்றார். ஆனால் இரண்டுமே விதை கொடுத்தன. பிறகு தூரிகையும் வலையும் கொண்டு கைச்சேர்க்கை செய்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. நெட்டைச் சூல்தண்டுப் பூவுக்குக் குட்டைச் சூல்தண்டுப் பூவின் மகரந்தமும், குட்டைக்கு நெட்டையின் மகரந்தமும் கிடைத்தால்தான் விதை நிறையப் பிடித்தது. தேனுக்காக நாக்கை நீட்டும் பூச்சியின் உறுப்பில் மகரந்தம் எந்த உயரத்தில் ஒட்டுகிறதோ, அடுத்த வகைப் பூவில் அதே உயரத்தில் சூல்முடி காத்திருக்கிறது. பூட்டும் சாவியும் போல. 1861 நவம்பரில் லின்னேயன் சங்கத்தில் இந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. தம் வாழ்நாள் ஆராய்ச்சிகளில் இதைப் போல மனநிறைவு தந்தது வேறில்லை என்று தன்வரலாற்றில் எழுதினார்.

செடி ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தன் மகரந்தத்தைத் தானே தவிர்க்கிறது? இந்தக் கேள்வி அவரை அடுத்த ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது. அது அவருடைய குடும்பத்தின் உள்ளறை வரை நுழைந்தது.

ஒரு தகப்பனின் கவலை

டார்வின் 1839 சனவரியில் மணந்த எம்மா வெட்ஜ்வுட், அவருடைய தாய்மாமன் மகள். நமக்கு இது செய்தியே அன்று. நம் நாட்டில் உறவில் மணமுடிக்கும் வழக்கம் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் என்பது நம் வீடுகளில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற உரிமையே அல்லவா? இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்களிலும் அன்று இது சாதாரணம்.

பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். டவுன் இல்லத்துக்கு வந்த சில நாட்களிலேயே பிறந்த மேரி மூன்று வாரத்தில் இறந்தாள். 1851 ஏப்ரலில், தகப்பனின் கண்ணுக்குக் கண்ணாயிருந்த ஆனி பத்து வயதில் இறந்தாள். 1858-இல் ஒன்றரை வயதுக் கடைசிக் குழந்தையும் போயிற்று. மற்றவர்களுள் சிலருக்கும் அடிக்கடி நோய். உறவில் மணந்ததால் வந்த வினையோ என்ற எண்ணம் அவரை அரித்தது. மருத்துவரிடம் இதற்கு விடையில்லை. தோட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் பொறி தற்செயலாக விழுந்தது. வேறொரு நோக்கத்துக்காக லினேரியா என்ற செடியின் விதைகளை இரு பாத்திகளில் விதைத்திருந்தார். ஒன்றில் தன் மகரந்தத்தால் உண்டான விதை. மற்றதில் அயல் செடியின் மகரந்தத்தால் உண்டான விதை. அயல் சேர்க்கைப் பாத்தி கண்ணுக்குத் தெரியும்படி ஓங்கி வளர்ந்தது. பிறகு பதினோராண்டுகள், 57 இனங்கள். முறையைக் கவனியுங்கள். ஈர மணலில் விதைகளை முளைக்க வைத்து, ஒரே நேரத்தில் முளைத்தவற்றையே சோடி சேர்ப்பார். ஒரே தொட்டியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே மண், ஒரே நீர், ஒரே வெளிச்சம். வளர்ந்தபின் உயரத்தை அளப்பார். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கை எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில்கூட எல்லா நாளும் காண முடிவதில்லை.

நம் வேலிகளில் படரும் தாளிக் கொடிக்கு உறவான, ஊதாநிறப் புனல் பூக்கள் பூக்கும் ஐபோமியாக் கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்தார். சராசரியாக அயல் சேர்க்கைக் கொடி 100 என்றால், தன் சேர்க்கைக் கொடி 77. ஆறாம் தலைமுறையில் மட்டும் தன் சேர்க்கைக் கொடி ஒன்று எதிரியை அரை அங்குலம் வென்றுவிட்டது. கருத்துக்கு ஒவ்வாத அளவீட்டை 'கைப்பிழை' என்று அடித்துவிடுவது நம் மாணவர்கள் சிலருக்குப் பழக்கம். டார்வின் அதற்கு 'வீரன்' என்று பெயரிட்டு, தனியே அதன் சந்ததியையும் வளர்த்து, முடிவை நூலில் அச்சிட்டார்.

இதற்கிடையே, 1871-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று 1870-இல் நண்பர் ஜான் லப்பக் மூலம் நாடாளுமன்றத்தில் முயன்றார். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. மகன் ஜார்ஜ் வேறு வழியில் புள்ளிவிவரம் திரட்டி, 1875-இல் வெளியிட்ட கட்டுரையில், தீங்கு அஞ்சிய அளவுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு தந்தையின் நூல் வெளிவந்தது. செடிகளில் தீங்கு ஐயமின்றி இருந்தது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

விடை அவருடைய தோட்டத்திலேயே ஒருமுறை பூத்திருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஸ்னாப்டிராகன் என்ற பூச்செடியின் பூ உதடு பிரிந்து வாய் போன்றிருக்கும். அபூர்வமாக, உதடில்லாமல் சீரான குழல் வடிவில் பூக்கும் செடியும் உண்டு. இரண்டையும் டார்வின் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே சாதாரணப் பூ. குழல் வடிவம் ஒன்றுகூட இல்லை. அவற்றைத் தாமாகவே விதைக்க விட்டார். அடுத்த தலைமுறையில் 127 செடிகள். சாதாரணம் 88, குழல் வடிவம் 37, இடைப்பட்டவை 2. எண்ணினார், 1868-இல் அச்சிட்டார், அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

அதே காலத்தில், இன்று செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் கிரிகோர் மெண்டல் பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தார். உருண்டை விதை 5,474. சுருங்கிய விதை 1,850. மெண்டல் ஒன்றை மற்றொன்றால் வகுத்தார்: 2.96. மூன்றுக்கு ஒன்று! அவருடைய கட்டுரை 1866-இல் வந்தது. டார்வின் அதை அறியவில்லை. டார்வினின் இரு எண்களின் கூட்டுத்தொகை 125. அதை மூன்றுக்கு ஒன்றாகப் பகுத்தால் ஏறத்தாழ 94, 31. அவர் கண்ட 88-உம் 37-உம் அதிலிருந்து விலகியிருப்பது தற்செயலின் எல்லைக்குள் அடங்குவதுதான். முதல் தலைமுறையில் ஒளிந்திருந்து இரண்டாம் தலைமுறையில் வெளிப்படும் ஒடுங்கு பண்பு அவர் பாத்தியில் நின்றது. எண்ணத் தெரிந்தவர் வகுத்துப் பார்க்கவில்லை. பண்புகள் கலந்து கரைகின்றன என்று எண்ணியிருந்தவருக்கு, முழு எண் விகிதத்தைத் தேடத் தோன்றவில்லை.

இன்று நமக்கு இது பாடநூல் செய்தி. நம் ஒவ்வொருவரிடமும் தீங்கான ஒடுங்கு மரபணுக்கள் சில ஒளிந்திருக்கின்றன. அயலாரை மணந்தால் அதே பழுது இருபக்கமும் சேர்வது அரிது. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தில் இந்தப் பங்கு நாலில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரு மடங்கு என்றாலும் பெரும்பான்மைக் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனியைக் கொன்றது பெரும்பாலும் காசநோய் என்று கருதுகிறார்கள். தகப்பன் தன்னை நொந்துகொண்ட அளவுக்கு அவர் குற்றவாளி அல்லர்.

டார்வினின் மக்காச்சோளத் தொட்டிகளுக்கு ஒரு பின்கதை உண்டு. 15 சோடிகளில் 13-இல் அயல் சேர்க்கைச் செடி உயரம், 2-இல் மற்றது. சராசரி வேறுபாடு 2.6 அங்குலம். இத்தனை குறைந்த சோடிகளை வைத்து நம்பலாமா என்று தம் உறவினரான பிரான்சிஸ் கால்டனிடம் கேட்டார். கால்டன் இரு பக்கத்துச் செடிகளையும் தனித்தனியே உயர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தார். அப்படி அடுக்கியதும் சோடி கலைந்துவிட்டது. 1935-இல் ரொனால்டு ஃபிஷர், சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் இதே 15 சோடிகளை எடுத்துக்கொண்டு, சோடி சேர்த்ததில்தான் அந்தச் சோதனையின் வலிமை இருக்கிறது என்று காட்டினார். இவ்வளவு வேறுபாடு வெறும் தற்செயலால் வர வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்று என்றும் கணக்கிட்டார். இன்று மருந்துகளைச் சோதிப்போர் படிக்கும் புள்ளியியலின் மூலநூல்களுள் அது ஒன்று. அதன் எடுத்துக்காட்டு டவுன் இல்லத்துத் தொட்டியில் வளர்ந்தது.

மண்புழுவும் பியானோவும்

டவுன் இல்லத்துக்கு வந்த மூன்றாம் மாதம், 1842 டிசம்பரில், பக்கத்துப் புல்வெளியின் ஒரு பகுதியில் சுண்ணாம்புக் கல் துண்டுகளைப் பரப்பினார் டார்வின். பிறகு காத்திருந்தார். 1871 நவம்பரில், 29 ஆண்டுகள் கழித்து, அங்கே ஒரு பள்ளம் வெட்டச் செய்தார். பள்ளத்தின் இரு சுவர்களிலும் வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்புத் துண்டுகள் தெரிந்தன. தரைமட்டத்துக்கு ஏழு அங்குலம் கீழே. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கழித்துக் கழித்து, ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் புதுமண் போர்த்திவிட்டன. அருகே இன்னொரு சரிவான வயல். 1841-இல் கடைசியாக உழப்பட்டபோது முழுக்கக் கற்கள். அவருடைய பையன்கள் அதில் இறங்கி ஓடினால் கற்கள் கலகலவென்று உருளும். முப்பதாண்டுக்குப் பின், ஒரு கல்லிலும் குளம்பு படாமல் குதிரை அதில் பாய்ந்து ஓடியது.

முதுமையில் தொட்டிகளில் மண்புழுக்களை வைத்துப் படிப்பறையிலேயே வளர்த்தார். காகிதத்தில் 303 சிறு முக்கோணங்கள் வெட்டிப் போட்டார். புழுக்கள் அவற்றுள் 62 விழுக்காட்டைக் கூர்முனையைப் பிடித்தே வளைக்குள் இழுத்தன. எப்படி இழுத்தால் எளிது என்பது புழுவுக்கும் தெரிகிறது!

எனக்குப் பிடித்தது பியானோச் சோதனை. புழுக்களுக்குக் காது உண்டா? உலோக விசில் ஊதினார்கள். பசூன் என்ற பெருங்குழலை முழங்கினார்கள். பியானோவுக்குப் பக்கத்து மேசையில் தொட்டியை வைத்து உரக்க வாசித்தார்கள். புழுக்கள் அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்துத் தாழ்சுரம் ஒன்றைத் தட்டியதும், புழுக்கள் சட்டென்று வளைக்குள் மறைந்தன. காற்று வழியாக வந்த அதிர்வு அவற்றை எட்டவில்லை. மரமும் மண்ணும் வழியாக வந்த அதிர்வு உடனே எட்டியது. ஒலி ஊடகம் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல செயல்முறையை நான் அறியேன். மழை ஓய்ந்த நாளில் ஒரு மண்தொட்டியும் பள்ளி ஆர்மோனியமும் இருந்தால் மாணவர்கள் செய்து பார்க்கலாம். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. அறை இருட்டாக இருக்கட்டும்.

மண்புழு நூல் 1881 அக்டோபரில் வெளிவந்தது, ஆயிரக்கணக்கில் விற்றது. 1882 ஏப்ரல் 19-இல் டார்வின் அந்த வீட்டிலேயே காலமானார். டவுன் கிராமத்து இடுகாட்டில் அடங்குவதே அவர் விருப்பம். நண்பர்களும் அறிஞர்களும் நாட்டின் பெருமை கருதி, ஏப்ரல் 26-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

தோட்டத்தை அடுத்த புல்வெளியில் ஒரு வட்டக்கல் கிடந்தது. ஆனி மறைந்த சில வாரங்களில் பிறந்தவரும் கருவிகள் செய்வதில் வல்லவருமான மகன் ஹோரேஸ் 1877-இல் அங்கே இட்ட கல் அது. நடுவில் துளை, அதனூடே அடிநிலத்தில் ஊன்றிய உலோகக் கம்பி. புழுக்கள் அடிமண்ணைக் குடைந்து எடுக்க எடுக்கக் கல் தாழும், கம்பி அசையாது. இரண்டுக்கும் இடையே உள்ள மட்ட வேறுபாட்டை நுண்ணளவியால் அளக்கலாம். தந்தை போனபின்னும் ஹோரேஸ் டவுன் இல்லத்துக்கு வந்து குனிந்து அளந்துகொண்டிருந்தார். 1896 வரை எடுத்த அளவுகளை வெளியிட்டார். ஆண்டுக்கு 2.2 மில்லிமீட்டர் வீதம் கல் இறங்கிக்கொண்டிருந்தது.